தீவின் உள்பக்கம்

என் மனைவி நின்று சம்பாதிக்கிறவள். நான் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன். எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதிக்கு இந்த ஒரு வேறுபாடே போதுமானதாக இருந்தது. நான் முப்பத்தொரு வருஷமாக ஏரிக்கரைச் சாலையில் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். வேலை முடிந்து வந்தால் எனக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும், அவளுக்குக் கொஞ்சம் உட்கார வேண்டும். நான் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். அவள் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, "தலை சுத்துது, எங்கயாவது ஒரு இடத்துல நில்லுங்க" என்பாள்.

அவள் வேலை துணி வெட்டுவது. மருத்துவமனைச் சீருடைகள் தைக்கும் கூடம் ஒன்றின் மூன்றாவது மாடியில், ஆறு பேர் வரிசையாகப் படுக்கக்கூடிய நீள மேஜைக்கு முன்னால், இருபத்தாறு வருஷமாகத் தினம் ஒன்பது மணி நேரம் நிற்கிறாள். முப்பது துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே அட்டை மாதிரியை வைத்து, சாக்கட்டியால் கோடு போட்டு, மின்கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டுவாள். கோடு கொஞ்சம் தப்பினால் முப்பது நர்ஸுகளுக்குச் சட்டை தோளில் பிடிக்கும். அங்கே எல்லோருக்கும் அவள் மாஸ்டரம்மா.

அந்தத் தொழிலில் ஒரு பெரிய அவமானம் உண்டு. சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிடுவது. துணியோ அட்டையோ திரும்பிக் கிடந்ததைக் கவனிக்காவிட்டால் நடந்துவிடும். எவ்வளவு கைதேர்ந்தவர்களும் ஒருமுறையாவது செய்திருப்பார்களாம். அவள் செய்ததில்லை. இதை அவள் வாயால் சொல்ல மாட்டாள். கூடத்தில் பொத்தான் தைக்கும் அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவார். அப்போது என் மனைவி காதில் விழாதவள் போல முகத்தை வைத்துக்கொள்வாள். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் பொத்தானம்மாவை அடிக்கடி வரச்சொல்வேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தச் சட்டையைக் கையில் எடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். கல்யாணத்துக்கு முன் என்னைப் பார்க்க வந்த அன்று, என் சட்டைக் காலரை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்பக்கம் சுத்தமா இருக்கு" என்றாள். அவள் அகராதியில் அதற்குமேல் பாராட்டு கிடையாது. என்னைச் சொன்னாளா, தையல்காரரைச் சொன்னாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அவள் மேஜைக்கு எதிரே பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் ஏரி, ஏரியில் தீவு. தீவு நீளமானது, ஊரிலிருந்து பார்த்தால் அதன் அகன்ற முனை மட்டும் தெரியும். படகுத்துறையும் அந்த முனையில்தான். சுற்றுலா வருகிறவர்கள் அங்கே இறங்கி, நிழலில் உட்கார்ந்து, அடுத்த படகில் திரும்பிவிடுவார்கள். போன வருஷம் ஒருநாள், மழைக்கு ஜன்னலைச் சாத்தும்போது அவளுக்கு ஒரு கேள்வி வந்திருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"என்னங்க, அந்தத் தீவுக்குப் பின்பக்கம் எப்படி இருக்கும்?"

"முன்பக்கம் மாதிரிதான். மரம், கல்லு, தண்ணி."

"பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிச் சொல்றீங்க?"

இருபத்தாறு வருஷம் ஒரு துணியின் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அவளுக்கு ஒன்று தோன்றிவிட்டால் அப்புறம் வீட்டில் வேறு பேச்சு நடக்காது.

அடுத்த மாதமே ஒரு பேடில் போர்டு வந்து சேர்ந்தது. நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகை. காற்றடித்தால் ஆள் நீளத்துக்கு மேல் உப்பிக்கொள்ளும். ஏரிக்கரையில் பலகை வாடகைக்கு விடுகிறவரிடம் பழையதாக வாங்கினாள். சொல்லாமல் வந்து தங்கிவிட்ட மச்சானைப் போல அது ஹால் முழுக்கக் கால் நீட்டிப் படுத்திருந்தது. நான் நடக்கும் இடம் போயிற்று.

"படகு இருக்கே, அதுல உக்காந்து சுத்தக் கூடாதா?" என்றேன்.

"படகு துறைக்குத்தான் போகுது. சுத்த மாட்டாங்க. அதுவும் இல்லாம, நிக்கிறது ஒண்ணுதான் எனக்கு நல்லா வரும்."

முதல் நாள் பதினோரு தடவை விழுந்தாள். நான் கரையில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் யாரும் மூழ்கியதில்லை, யாரும் என்னைத் தள்ளிவிட்டதுமில்லை. சிலருக்குப் பல்லி, எனக்குத் தண்ணீர். முப்பத்தொரு வருஷம் ஏரியைச் சுற்றி வண்டி ஓட்டியவன், அந்தப் படகில் ஒருநாளும் ஏறியதில்லை. அவள் விழும் ஒவ்வொரு தடவையும் நான் துண்டோடு ஓரடி பின்வாங்கினேன். அவளோ தண்ணீரிலிருந்து தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி அவ்வளவு நாளில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இரண்டு மாதத்தில் விழுவது நின்றது. அந்த நேரம் பார்த்து மூட்டு மருத்துவர் அவளுடைய எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். வலது முழங்காலில் தேய்வதற்கு இனி எதுவும் மிச்சமில்லையாம். கோடை முடிந்ததும் அறுவைச் சிகிச்சை. "அப்புறம் நடக்கலாம், படி ஏறலாம், வேலைக்கும் போகலாம். ஆடுற எது மேலயும் மட்டும் நிக்கக் கூடாது" என்றார். அவள் அதைக் கேட்டுவிட்டு, "கோடை முடியறது எந்தத் தேதி டாக்டர்?" என்றாள். அவர் குழம்பிப்போய் நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னார். வெளியே வந்ததும், சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டாள். அந்த ஒரு நாள்தான். விட்டால் பிறகு கிடையாது.

அதற்குப்பின் வந்த ஞாயிற்றுக்கிழமை மதியங்களைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, அதன்மேல் நீல லைனிங் துணி ஒன்றை விரிப்பாள். அதுதான் ஏரி. நடுவில் பழுப்பு அட்டையில் வெட்டிய தீவு. மின்விசிறியின் காற்றில் துணி ஓரங்களில் மெல்ல எழும்பி எழும்பி அடங்கும். ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தானை விரல் நுனியால் நகர்த்திக்கொண்டே தீவைச் சுற்றி வருவாள். நான் எதிர் நாற்காலியில் தூக்கமும் விழிப்புமாக இருப்பேன். கண்ணை மூடும்போது பொத்தான் தீவின் தோளருகே இருக்கும். திறக்கும்போது மணிக்கட்டைத் தாண்டியிருக்கும். இடையில் போன நேரம் எங்கே போயிற்று என்று தெரியாது. ஜன்னல் வெளிச்சம் நீலத் துணியில் விழுந்து, கூரையில் ஒரு மங்கலான நீலம் அசைந்துகொண்டிருக்கும். வீடே கரையை விட்டுக் கொஞ்சம் நகர்ந்துவிட்டதுபோல இருக்கும். பயந்தாங்கொள்ளியான எனக்கும் அந்த ஏரி பிடித்திருந்தது.

தோள், மணிக்கட்டு என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தீவு அச்சாக ஒரு சட்டைக் கை. ஊர்ப்பக்கம் அகன்ற தோள். வடக்கே குறுகி மணிக்கட்டு. நடுவில் ஒருபக்கமாக வளைந்த முழங்கை. முழங்கையின் வெளிப்பக்கம் முழுக்கப் பாறை, கால் வைக்க இடமில்லை. உள்வளைவில் மட்டும் ஒரு மணல்திட்டு. படகு அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த பெரிய வரைபடத்தின்மேல் மெல்லிய தாளை வைத்து அவளே கோடு எடுத்து வந்தாள். எழுத்து எதையும் எடுக்கவில்லை. வெட்டும்போது கண்ணை உறுத்துமாம்.

வெளியூரில் இருக்கும் மகள் போனில் சிரித்தாள். "அம்மா, மேப் போன்லயே இருக்கே."

"போன்ல விரல வெச்சா பெருசாகுது, எடுத்தா சின்னதாகுது. அளவு மாறுற எதையும் நான் நம்ப மாட்டேன்."

கரையைச் சுற்றி குண்டூசி குத்தி, நூல் ஓட்டி அளந்தாள். கரையை ஒட்டியே போனால் கோரையில் மாட்டும் என்று, தையலுக்கு விடுவதுபோல அரை அங்குலம் தள்ளி நூலை வைத்தாள். போகவர பதினைந்து கிலோமீட்டர். மதியத்துக்குமேல் மேற்கிலிருந்து காற்று வரும்; ஆகவே காலையில் மேற்குப்பக்கம், திரும்பும்போது தீவின் மறைவில் கிழக்குப்பக்கம். காலை ஆறரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்கு மணல்திட்டு, அங்கே முழங்காலுக்கு அரைமணி ஓய்வு. எல்லாம் அட்டையில் சாக்கட்டியால் குறித்திருந்தது. மணல்திட்டு இருந்த இடத்தில் அட்டையின் ஓரத்தில் சின்னதாக ஒரு முக்கோண வெட்டு இருந்தது.

"இது என்ன?"

"அது துணி வெட்டுறவங்க விஷயம். உங்களுக்கு எதுக்கு?"

நான் விட்டுவிட்டேன். உண்மையில் நான் வேறு ஒரு யோசனையில் இருந்தேன். எப்படியாவது இது நின்றுபோக வேண்டும். மழை வரட்டும், பலகை ஓட்டையாகட்டும், மகள் ஊரிலிருந்து வந்து ஒரு சத்தம் போடட்டும். வாய்விட்டு ஒருநாளும் சொல்லவில்லை. மேஜையில் பொத்தான் சுற்றும்போது தலையாட்டிக்கொண்டே, உள்ளுக்குள் தினம் ஒரு தடங்கலை வேண்டிக்கொண்டிருந்தேன்.

தடங்கல் வெள்ளிக்கிழமை வந்தது, ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால். மலைச்சாலை ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல் என்று அவர் வண்டியை என்னிடம் கொடுத்தார்கள். அந்தப் பாதையில் நான் போய்ப் பத்து வருஷம் இருக்கும். ஊருக்குப் பின்னால் மேலே ஏறி, கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிஷம் வண்டி நிற்க வேண்டும். இறங்கி முதுகை நிமிர்த்தினேன். கீழே கூரைகள், அப்பால் ஏரி, ஏரியில் தீவு முழுசாக, தோளிலிருந்து மணிக்கட்டுவரை, காலை வெயிலில் அசையாமல் கிடந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் எங்கோ இடித்தது.

சட்டைப்பையில் அவள் கொடுத்திருந்த சிறிய அட்டை இருந்தது. எந்த நேரம் எங்கே இருப்பாள் என்று நான் தெரிந்துகொள்ள, பெரியதைப் பார்த்துச் சின்னதாக வெட்டித் தந்தது. எடுத்துப் பிடித்தேன். கீழே தீவின் முழங்கை இடப்பக்கம், மேற்கே துருத்திக்கொண்டிருந்தது. அட்டையில் வலப்பக்கம். தலைகீழாகத் திருப்பினேன், சேரவில்லை. கடைசியில் அட்டையைப் புரட்டி, எழுத்தில்லாத முதுகுப்பக்கத்தைப் பார்த்தேன். அச்சாகச் சேர்ந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. துணியில் எப்போதும் உள்பக்கத்தில்தான் கோடு போடுவாள். வெளிப்பக்கத்தில் போட்டால் கறை. இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் கை தானாகவே மெல்லிய தாளைப் புரட்டிப்போட்டு அட்டையில் கோட்டை இறக்கியிருக்கிறது. மாஸ்டரம்மா வலது கைக்குப் பதிலாக இடது கையை வெட்டிவிட்டாள்.

மேற்குப்பக்கம் மணல்திட்டு இருப்பதாக நினைத்துப் போயிருப்பாள். அங்கே வெறும் பாறை. தேய்ந்த முழங்காலோடு, இல்லாத கரையைத் தேடிக்கொண்டே துடுப்புப் போட்டிருப்பாள். நினைத்ததும் வண்டியின் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த நொடியே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனசுக்குள் சந்தோஷம் பொங்கிற்று. இனி அவள் போகமாட்டாள். நான் தடுத்ததாகவும் ஆகாது. மலையிறங்கும்போது ஒரு பழைய மெட்டை முணுமுணுத்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.

சாயங்காலம் அவள் வந்து முகம் கழுவும்வரை பொறுத்திருந்தேன். பிறகு பெரிய அட்டையை எடுத்துப் புரட்டி, நீலத் துணியின்மேல் வைத்தேன்.

"இன்னிக்கு மலை மேல இருந்து பாத்தேன். தீவு இப்படித்தான் இருக்கு."

அவள் பார்த்தாள். விரலால் முழங்கையைத் தடவி, அட்டையை ஒருமுறை இந்தப்பக்கம், ஒருமுறை அந்தப்பக்கம் புரட்டினாள். பிறகு மெல்ல நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். எந்த அட்டையையும் அவள் உட்கார்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

"கை திரும்பிடுச்சு" என்றாள்.

"யாருக்கும் நடக்கும்மா."

"எனக்கு நடந்ததில்ல." பொத்தானை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, "சரி. வேண்டாம். விட்டுடலாம்" என்றாள்.

நான் ஐந்து மாதமாகக் காத்திருந்த வார்த்தை அது. ஹாலில் பலகை கிடந்தது. நீலத் துணி விசிறிக் காற்றில் எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பொத்தான் இனி எங்கும் போகாது என்பதைத் தாங்க முடியவில்லை. எதையாவது பேசவேண்டுமே என்று, "அந்த வெட்டு எதுக்குன்னு சொல்லவே இல்லையே" என்றேன்.

"எது?"

"மணல்திட்டு கிட்ட. முக்கோணமா."

அவள் அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு துண்டு சேர்ற இடத்துல அப்படி வெட்டி வெப்போம். கையில ஒண்ணு, தோள்ல ஒண்ணு. ரெண்டையும் நேருக்கு நேர் வெச்சுத் தைக்கணும்."

"இதுல இன்னொரு துண்டு எங்க?"

"தீவுத் துறையில இருந்து மணல்திட்டுக்கு ஒரு நடைபாதை இருக்கு. நீங்க படகுல வந்து, நடந்து வந்து, அங்க நின்னா எப்படி இருக்கும்னு நினைச்சேன். நீங்க தண்ணில ஏற மாட்டீங்க. அதுவும் இல்லாம நான் எட்டு மணிக்கெல்லாம் வந்துடுவேன், முதல் படகே ஒன்பதரைக்குத்தான். நேரம் சேராது. தெரியும். சும்மா வெட்டி வெச்சேன்."

தினமும் நான் தடங்கல் வேண்டிக்கொண்டிருந்த அதே மேஜையில், அவள் என்னை அந்தத் தீவில் நிறுத்தி வைத்திருக்கிறாள். மலைமேல் எனக்கு வந்த சந்தோஷத்தை அப்படியே சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தெரியும்" என்றாள். "உங்க தலையாட்டல்லயே தெரிஞ்சுது."

நான் பொத்தானை எடுத்துப் புரட்டிவைத்த அட்டையின் பக்கத்தில் வைத்தேன். "காத்து அதே காத்துதானே? காலைல மேற்குப்பக்கம்தானே போகணும்?"

"ஆமா. ஆனா அது இப்ப பாறைப் பக்கம். மணிக்கட்டைச் சுத்தி வந்தாத்தான் மணல்திட்டு. கிட்டத்தட்ட நாலு மணி நேரம் கால் வைக்க இடமில்ல."

"நீ ஒன்பது மணி நேரம் நிக்கிறவ."

அவள் நூலை எடுத்தாள். பழக்கம் கையை நகர்த்திற்று. குண்டூசிகளை ஒவ்வொன்றாக மாற்றிக் குத்தினாள். ஊர்த்துறையிலிருந்து தோள், தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு, திரும்பி மணல்திட்டு. நூலை ஸ்கேலில் வைத்து இரண்டுமுறை பார்த்தாள்.

"பத்தேகால் ஆகும் நான் அங்க வர்றதுக்கு" என்றாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

ஒன்பதரைப் படகு. இருபது நிமிஷம் தண்ணீர், இருபது நிமிஷம் நடை. நான்கூடக் கணக்குப் போட்டுவிட்டேன்.

"இப்ப சேருதே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஏரி மூச்சுவிடாமல் கிடந்தது. ஆரஞ்சு மிதவை உடுப்பும் கழுத்தில் விசிலும் நீர்புகாத உறையில் போனுமாகப் பலகையில் ஏறி நின்றாள். பத்துப் பன்னிரண்டு வீச்சில் அவள் ஒரு சாக்கட்டிக் கோடு அளவுக்கு ஆகிவிட்டாள். பிறகு தோளைச் சுற்றி மறைந்துபோனாள். அதற்குப்பின் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மணி ஏழேகால்தான். ஒன்பதரைவரை ஊர்த்துறையிலிருந்த எல்லா அறிவிப்புப் பலகைகளையும் மூன்றுமுறை படித்தேன்.

படகில் உட்கார நிறைய இடம் இருந்தது. டிக்கெட் கிழிக்கிறவர், "உக்காருங்க சார்" என்றார். என்னால் முடியவில்லை. நடுவிலிருந்த இரும்புக் கம்பியை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு இருபது நிமிஷமும் நின்றேன். நடைபாதையில் நடக்கும்போதுகூடத் தரை ஆடியது. மணல்திட்டு சின்னதுதான், இரண்டு பேருந்து நிறுத்தலாம். அங்கே நின்று மணிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தேகால் ஆயிற்று. பத்தரை ஆயிற்று. தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில் இருந்ததால் எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்த நிறத்திலிருந்து ஆரஞ்சாக ஒரு புள்ளி வந்தது. அது நின்றுகொண்டிருந்தது.

கரைக்கு வந்ததும் அவள் முதலில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். நான் ஃப்ளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தேன்.

"லேட்டு" என்றேன்.

"பாத்துக்கிட்டே வந்தேன்." ஒரு வாய் குடித்தாள். "உக்காந்து வந்தீங்களா?"

"நின்னுக்கிட்டு."

அவள் சிரித்தாள். அந்தப் பதினோரு தடவை விழுந்த நாளின் சிரிப்பு.

"பின்பக்கம் எப்படி இருக்கு?"

அவள் தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். "மரம், கல்லு, தண்ணி" என்றாள். பிறகு என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டு, "உள்பக்கம் சுத்தமா இருக்கு" என்றாள்.

அரைமணி கழித்து அவள் கிளம்பினாள். மிச்சப் பாதையில் தீவின் மறைவு இருந்தது. நான் துறைக்கு நடந்து பன்னிரண்டரைப் படகைப் பிடித்து, அதே கம்பியருகே நின்றேன். பாதி ஏரி தாண்டியபோது கிழக்குப்பக்கம் அவள் தெரிந்தாள், எங்களுக்குக் கொஞ்சம் முன்னால், ஊரைப் பார்த்து. படகு அவளை நெருங்கியதும் துடுப்பைத் தூக்கி ஆட்டினாள். படகின் அலையில் பலகை ஏறி இறங்கியது, அவள் விழவில்லை.

பதிலுக்கு ஆட்டுவதற்காக, நான் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தேன்.